மலைமேல் பழி போட்ட மெக்கானிக்

செஞ்சிக் கோட்டையை முற்றுகையிட்டவர்களின் வரிசை பெரியது. அதில் என் பெயரையும் யாராவது சேர்க்க வேண்டும். மற்றவர்கள் பீரங்கியோடு வந்தார்கள். நான் கையில் ஒரு ஸ்பானரோடு பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருந்த டீக்கடையில் நின்றுகொண்டு, நாலு பேர் காது கேட்க, "நைனார் வண்டி அடிக்கடி நின்றுபோவதற்குக் காரணம் ராஜகிரி மலைதான்" என்று அறிவித்தேன்.

விளக்கமும் கொடுத்தேன். பகலெல்லாம் வெயிலைக் குடித்த பாறை சாயந்திரம் அந்தச் சூட்டைக் கக்குகிறது, அந்த அனலில் குழாய்க்குள் போகும் எண்ணெய் ஆவியாகிவிடுகிறது, எஞ்சின் தவிக்கிறது. எல்லாம் ஓர் ஆங்கிலப் புத்தகத்தில் படித்தது. அந்த அத்தியாயம் பெட்ரோல் வண்டிகளைப் பற்றியது என்பதையும், நைனாரின் வண்டி டீசல் வண்டி என்பதையும் சேர்த்துப் பார்க்க எனக்கு அப்போது நேரமில்லை. படித்தவனுக்கு வரும் அவசரம் அது.

மலை பதில் சொல்லவில்லை. டீக்கடைக்காரர்தான் கேட்டார். "அப்ப மலைய கழட்டி வேற மாட்டணுமா? எவ்ளோ நாளாவும்?"

ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டு வீட்டில் உட்கார்ந்திருப்பவன் புதிதாகத் தொழிலுக்கு வரும் உங்களுக்குப் புத்தி சொல்வதென்றால், தான் கெட்டிக்காரத்தனமாகச் செய்ததைத்தான் சொல்வான் என்று எதிர்பார்ப்பீர்கள். எனக்கும் அந்த ஆசை உண்டு. தேடிப் பார்த்தேன். கிடைத்தவை ரொம்பச் சின்னதாக இருந்தன. முட்டாள்தனங்களோ நல்ல பருமனாக, பார்க்க லட்சணமாக இருக்கின்றன. அதில் ஒன்றைச் சொல்கிறேன்.

அறுபதுகளின் நடுவில் நடந்தது. செஞ்சியில் என் பட்டறை வேப்பமரத்து நிழலில் இருந்தது. டீசல் எஞ்சின் தெரிந்தவன் என்று ஊரில் எனக்கு ஒரு பெயர். தெரியாது என்று சொல்ல வேறு ஆள் இல்லாததால் வந்த பெயர்.

எங்கள் பக்கத்துத் தமிழ்ச் சமணர்களை நைனார் என்பார்கள். நம் நைனாருக்கு நாற்பது வயதிருக்கும். கிராமங்களில் மல்லாட்டை வாங்கி, அதாவது வேர்க்கடலை, செஞ்சி மண்டிக்குக் கொண்டுவருவார். அதற்காக ராணுவ ஏலத்தில் ஒரு பிக்கப் வண்டி எடுத்திருந்தார். பெட்ரோல் வண்டியாகப் பிறந்து, பாதி ஆயுளில் டீசல் எஞ்சினுக்குக் கூடு விட்டுக் கூடு பாய்ந்த வண்டி. எஞ்சின் மாற்றியபோது புதிதாக ஒரு டீசல் டாங்கியைச் செய்து, டிரைவர் இருக்கைக்குப் பின்னால், மூட்டை ஏற்றும் இடத்தின் முன் ஓரத்தில் வைத்துவிட்டார்கள். இந்த டாங்கியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நான் வைத்துக்கொள்ளவில்லை.

வண்டியின் வியாதி இதுதான். நன்றாக ஓடிக்கொண்டிருக்கும். திடீரென்று இழுவை குறையும். ஆக்ஸிலேட்டரை எவ்வளவு மிதித்தாலும், காது கேளாதவரிடம் கத்துவது போலத்தான். பிறகு ரெண்டு இருமல், நின்றுவிடும். கொஞ்ச நேரம் விட்டுவைத்தால், ஒன்றுமே நடக்காத முகத்தோடு மறுபடி ஓடும். சில வாரம் நிற்கவே நிற்காது. சில நாள் ஊருக்குள் நுழைவதற்குள் மூன்று இடத்தில் நிற்கும்.

எப்போதும் இருக்கும் கோளாறு நல்ல கோளாறு. அது எங்கே இருக்கிறதோ அங்கேயே இருக்கும், போய்ப் பிடித்துக்கொள்ளலாம். வந்து வந்து போகும் கோளாறுதான் மெக்கானிக்கின் மானத்தை வாங்கும். நம் முன்னால் அது வராது. நைனார் வண்டியை நான் ஓட்டிப் பார்த்தபோதெல்லாம் தங்கமாக ஓடியது. வடிகட்டியை மாற்றினேன். குழாய்களைக் கழற்றி ஊதினேன். பம்பைப் பிரித்துச் சேர்த்தேன். ஒவ்வொரு முறையும் "இனிமே நிக்காது" என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொல்லி அனுப்பினேன்.

"மறுபடியும் நின்னுபோச்சு தம்பி."

"எங்க?"

"மலை கண்ணுக்குத் தெரியுது. வண்டி நவுர மாட்டேங்குது."

மலைமேல் பழி விழுந்தது இந்தப் பேச்சுக்குப் பிறகுதான். "நின்னா உடனே எடுக்காதீங்க. சூடு எறங்கட்டும். நல்லா ஆறவெச்சு எடுங்க" என்று வைத்தியமும் சொல்லி அனுப்பினேன். அவர் என்னை நம்பினார். அதுதான் எனக்கு இன்றைக்கும் உறுத்துகிறது.

அடுத்த முறை வந்தபோது, "நான் ஓட்டினா ஓடுது, நீங்க ஓட்டினா நிக்குதுன்னா, கோளாறு எஞ்சின்ல இல்லண்ணே, உங்க கால்ல" என்றேன்.

நைனார் கோபக்காரர் இல்லை. தன் காலைக் குனிந்து பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"இருக்கட்டும் தம்பி. காலாவே இருக்கட்டும். இன்னா பண்ணணும்னு சொல்லு, பண்றேன். வண்டி நின்னா நான் ரோட்டுல குந்திக்கினு இருப்பேன், அது ஒண்ணும் இல்ல. அங்க அவ பட்டினி கெடக்குறா."

எனக்குப் புரியவில்லை. அவர் சொல்லச் சொல்லத்தான் விளங்கியது. அவர்கள் வீட்டில் பொழுது சாய்ந்த பிறகு சாப்பிட மாட்டார்கள். விளக்கு வெளிச்சத்தில் தெரியாமல் ஒரு பூச்சி சோற்றில் விழுந்து செத்துவிடக் கூடாது என்பதற்காக வந்த பழக்கம். சூரியன் இருக்கும்போதே ராத்திரிச் சாப்பாடு முடிந்துவிடும். அவர் மனைவியை நான் அக்கா என்று கூப்பிடுவேன். நைனார் வந்தால்தான் அக்கா சாப்பிடுவார். வண்டி வழியில் நின்று பொழுது சாய்ந்துவிட்டால் இரண்டு பேருக்கும் அன்றைக்குச் சோறு இல்லை. அக்கா அதற்கு ரெண்டு மாதம் முன்னால்தான் மஞ்சள் காமாலை வந்து பிழைத்திருந்தார். வேளைக்குச் சாப்பிட வேண்டும், வயிற்றைக் காயப் போடக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

"நீ சாப்ட்டுடுன்னு சொல்லிப் பாத்தீங்களா?"

"சொல்லாமயா? 'நீங்க ரோட்டுல நிக்கறப்ப எனக்கு எறங்குமா'ன்னு கேக்குறா. இன்னா சொல்றது?"

இன்னொரு இடைஞ்சலும் இருந்தது. நைனார் வீடு செஞ்சிக்குள். ஊருக்கு மேற்கே மலை. நிஜமான பொழுது சாய்வதற்கு வெகு முன்னாலேயே சூரியன் மலைக்குப் பின்னால் போய்விடும். "அது மறைவுதான், அஸ்தமனம் இல்ல" என்பது நைனார் கட்சி. "கண்ணுக்குத் தெரியாத சூரியன வெச்சிக்கினு நான் இன்னா பண்றது" என்பது அக்கா கட்சி. அந்த வீட்டில் அக்கா கட்சிதான் ஆளும் கட்சி.

அதுவரை எனக்கு அது ஒரு வண்டியின் கோளாறு. அன்றிலிருந்து ஒரு பொம்பளையின் சாப்பாடு. தம்பிகளே, இது பெரிய வித்தியாசம். வண்டியை யோசித்தால் தூக்கம் வந்துவிடுகிறது, அதை யோசித்தால் வரமாட்டேன் என்கிறது.

கழற்றிப் பார்ப்பதை விட்டுவிட்டேன். கழற்ற ஒன்றும் பாக்கியில்லை என்பதும் ஒரு காரணம். "ஒரு நாள் உங்க கூடவே வரேன். நான் ஓட்ட மாட்டேன். எதையும் தொட மாட்டேன். சும்மா குந்திக்கினு வரேன்" என்றேன்.

அக்கா அனந்தபுரத்துப் பக்கம் தாய்வீட்டுக்குப் போயிருந்தார். அவரை அழைத்துவரும் நாளில் நானும் ஏறிக்கொண்டேன். போகும்போது வண்டி எங்கும் நிற்கவில்லை. என்னை அவமானப்படுத்துவதென்று முடிவு செய்தது போல ஓடியது. மத்தியானம் நல்ல மழை. அது விட்டதும், நான் கை கழுவப் போயிருந்த நேரத்தில் அவர்கள் டாங்கி வழிய டீசல் ஊற்றி வைத்தார்கள், அக்காவை ஏற்றிக்கொண்டு புறப்பட்டோம். அவர்கள் இரண்டு பேரும் முன்னால். நான் பின்னால், டாங்கியை மறைத்துக் கிடந்த மல்லாட்டை மூட்டைகளுக்கு நடுவே. அக்காவின் அம்மா கட்டிக் கொடுத்த தயிர்சோற்றுத் தூக்கு, வீட்டில் போய்ச் சாப்பிட, அக்காவின் மடியில்.

பாதி வழிகூட வரவில்லை. இழுவை குறைந்தது. ரெண்டு இருமல். நின்றது.

வாழ்க்கையில் முதல் தடவையாக அந்தக் கோளாறை நேருக்கு நேர் பார்க்கிறேன். எனக்கு உள்ளுக்குள் கொண்டாட்டம். முன்னால் இருந்தவர்களுக்கு அப்படி இல்லை. நைனார் இறங்கிச் சாலை ஓரத்தில் துண்டை விரித்து உட்கார்ந்துவிட்டார்.

"இன்னாண்ணே, குந்திட்டீங்க?"

"நீதான சொன்ன? மலைச் சூடு எறங்கணும், ஆறவெக்கணும்னு. முன்னல்லாம் டாங்கிய தொறந்து டீசல் இருக்குதான்னு பாத்துட்டு உடனே எடுத்துடுவேன். நீ சொன்னதுலேருந்து ஒரு சுருட்டு நேரம் விட்டுத்தான் எடுக்குறேன்."

நைனார் சுருட்டு பிடிக்க மாட்டார். அளவுக்குச் சொன்னது. என் புத்தக ஞானம் அந்த அம்மாளின் சாப்பாட்டு நேரத்தில் எவ்வளவு தின்றிருக்கிறது என்று கணக்குப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. மேற்கே பார்த்தேன். சூரியன் இறங்க ஆரம்பித்திருந்தது. மழைக்குப் பின் ஈசல் கிளம்பி, கண்ணுக்கும் மூக்குக்கும் முன்னால் பறந்துகொண்டிருந்தது.

மூட்டைகளை நகர்த்திவிட்டு, வழக்கம்போல டாங்கி மூடியைத் திறக்கப் போனேன். மூடி தெரியவில்லை. அதன்மேல் நாலாக மடித்த ஒரு துணியைப் போர்த்தி, கழுத்தைச் சுற்றிக் கயிற்றால் கட்டியிருந்தது. ஊறுகாய் ஜாடிக்கு வேடு கட்டுவார்களே, அதே மாதிரி. டீசலிலும் சேற்றிலும் ஊறி, துணி தோல் மாதிரி ஆகியிருந்தது.

"இது இன்னாண்ணே? இத நான் பாத்ததே இல்லியே."

"பூச்சி பொட்டு உள்ள விழுந்து சாவக் கூடாதுன்னு அவ கட்டுவா. உன் பட்டறைக்கு வரும்போது அவுத்து வெச்சிட்டு வருவேன். கிரீஸ் ஆயிடும் இல்ல?"

வைத்தியரிடம் போகும்போது நல்ல சட்டை போட்டுக்கொண்டு போகிறோமே, அந்த மரியாதை. அவிழ்க்கக் கையை நீட்டினேன். அதற்குள் அக்கா இறங்கி வந்துவிட்டார்.

"இரு தம்பி. ஈசல் பறக்குது, உள்ள போயிடும். நானே அவுக்குறேன்."

சேலைத் தலைப்பால் ஒரு பக்கம் மறைத்துக்கொண்டு, கயிற்றைத் தளர்த்தி, துணியின் ஓரத்தை மெல்லத் தூக்கினார்.

ஸ்ஸ்ஸ்ஸ் என்று ஒரு நீண்ட சத்தம். தண்ணீருக்குள் வெகுநேரம் அமுக்கி வைத்திருந்த ஆள் வெளியே வந்து மூச்சை இழுப்பது போல டாங்கி காற்றை இழுத்தது.

மூடியில் ஒரு சின்ன ஓட்டை உண்டு. டீசல் குறையக் குறைய அந்த இடத்தை நிரப்பக் காற்று உள்ளே போக வேண்டும். துணி அந்த ஓட்டையின்மேல் ஒட்டிக்கொண்டு வழியை அடைத்துவிட்டது. காற்று போகாவிட்டால் டீசல் வெளியே வராது. எஞ்சின் இழுத்து இழுத்துப் பார்த்துக் களைத்து நிற்கும். துணி துவைத்துப் புதிதாகக் கட்டிய வாரம் காற்று நுழையும், வண்டி ஓடும். புழுதி ஏறி, சேறு படிந்தால் நிற்கும். டாங்கி நிறைந்திருந்தால் உள்ளே காற்றுக்கு இடம் கொஞ்சம்தான், அதனால் சீக்கிரம் நிற்கும். நைனார் வழியில் மூடியைத் திறந்த மாத்திரத்தில் நோய் பறந்துவிடும். என் பட்டறைக்கு வரும்போதோ துணியே இருக்காது, அதனால் மாதக்கணக்காக நான் நோயை விட்டுவிட்டு வந்த வண்டியைத்தான் பரிசோதித்திருக்கிறேன்.

"அண்ணே, இந்தச் சத்தம் இதுக்கு முன்னாடி கேட்டிருக்கீங்களா?"

"எப்பவும்தான் விடுது. பெருமூச்சு."

"ஏன் சொல்லல?"

"நீ கேக்கவே இல்லியே தம்பி."

அக்கா என் முகத்தைப் பார்த்தார். "தெரிஞ்சுபோச்சா? இன்னா அதுக்கு?"

நீங்கள் பள்ளிக்கூடத்தில் படித்துவிட்டு வருகிற எதிலும் இந்த இடம் இருக்காது. கோளாறு தெரிந்துவிட்டது. அதைச் செய்தவர் எதிரில் நிற்கிறார். எறும்பு சாகக் கூடாதென்று அவர் கட்டிய துணிதான் அவரையே பட்டினி போட்டது. நோயிலிருந்து எழுந்து நிற்கும் ஒருவரிடம் அதை எப்படிச் சொல்வது?

"டாங்கிக்கு மூச்சு முட்டுதுக்கா" என்றேன்.

அவர் கையிலிருந்த துணியைப் பார்த்தார். "ஐயோ, நான்தான மூடி மூடி வெச்சேன்?"

"உங்க துணி மேல ஒரு தப்பும் இல்ல. இந்த டாங்கியச் செஞ்சவன் மூக்க உச்சந்தலைல வெச்சிருக்கான். நான் மூக்க வேற இடத்துல வெச்சுத் தரேன். துணி இருக்கட்டும்."

டாங்கி செய்தவன் யாரென்று எனக்குத் தெரியாது. அவனிடம் இப்போது மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

குழாயில் புகுந்திருந்த காற்றை வெளியேற்றி வண்டியைக் கிளப்பினேன். ஆனால் காற்றோடு துணியின் சேறும் இழுபட்டு மூடியின் ஓட்டை அடைத்துக்கொண்டிருந்தது, மூடியைப் போட்டால் மறுபடி நிற்கும், போடாமல் விட்டால் அத்தனை ஈசலும் டாங்கிக்குள் போகும். அக்கா அதற்கு ஒப்ப மாட்டார் என்று கேட்காமலே தெரிந்தது. ஆகவே மூட்டைமேல் மண்டி போட்டு, சுத்தமான ஒரு துண்டை டாங்கி வாய்க்குமேல் ரெண்டு கையாலும் கூடாரம் மாதிரி தூக்கிப் பிடித்துக்கொண்டேன். காற்று போகலாம், பூச்சி போகக் கூடாது.

"ஓட்டுங்கண்ணே!"

வண்டி ஓடியது. அப்படி ஓடி நான் பார்த்ததில்லை. ஒவ்வொரு பள்ளத்திலும் டீசல் தளும்பி என் முழங்கை வரை நனைந்தது. வாய்க்குள் போன ஈசலைக்கூட, அன்றைக்கு மட்டும், பத்திரமாகத் துப்பினேன்.

செஞ்சிக்குள் நுழைந்தபோது தெருவெல்லாம் நிழல். சூரியன் மலைக்குப் பின்னால் போய்விட்டது. நைனார் வேகத்தைக் குறைத்தார். அவர் முதுகைப் பார்த்தாலே போதும், முடிந்தது என்று எழுதியிருந்தது. வீட்டுச் சந்து வந்தது.

எனக்கு என்ன தோன்றியதோ, பின்னாலிருந்து கத்தினேன். "திருப்பாதீங்க! நேரா வுடுங்க! திருவண்ணாமலை ரோட்டுல வுடுங்க!"

"எதுக்கு?"

"மலைக்கு அந்தாண்ட சூரியன் இருக்குதுண்ணே!"

நைனார் திரும்பி மனைவியைப் பார்த்தார். அக்கா ஒன்றும் சொல்லவில்லை. வண்டி சந்தைத் தாண்டிப் பறந்தது. கடைவீதியில் எல்லோரும் பார்த்தார்கள். நைனார் எங்கே இவ்வளவு வேகமாகப் போகிறார், பின்னால் மெக்கானிக் ஏன் துண்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான் என்று ஊர் ஒரு வாரம் பேசியது. கோட்டைச் சுவரை ஒட்டி, மலைகளுக்கு நடுவே புகுந்து, மறுபக்கம் வந்தோம். அங்கே வயல்வெளிக்குமேல், ஒரு முழம் உயரத்தில், சூரியன் நிதானமாக உட்கார்ந்திருந்தது. வண்டி ஒரு தடவைகூட இருமவில்லை.

ஒரு மதகின்மேல் உட்கார்ந்தார்கள். அக்கா தூக்கைத் திறந்து நைனாருக்கு வாழையிலைத் துண்டில் வைத்தார். எனக்கும் கையில் ஒரு உருண்டை. தானும் மூடியில் கொஞ்சம் போட்டுக்கொண்டார். நைனார் பசித்த மனிதர், தலை நிமிராமல் சாப்பிட்டார். அக்கா மெல்ல மெல்லத்தான் சாப்பிட்டார், அதிலும் பாதியை அவர் இலைக்குத் தள்ளினார். காமாலை வந்த உடம்பு, பசி மந்தமாகத்தான் இருக்கும் என்று நான் மனசுக்குள் முடிவு செய்தேன். கடைசி வாய் உள்ளே போனபோது சூரியனில் விளிம்பு மட்டும் மிச்சம். அக்கா அதைப் பார்த்துவிட்டு, தூக்கைக் கவிழ்த்துக் கழுவினார்.

மறுநாளே டாங்கியின் பக்கத்தில் ஒரு செம்புக் குழாயை வளைத்துப் பற்றவைத்து, அதன் வாயில் எறும்புகூட நுழைய முடியாத சல்லடைக் கம்பி கட்டினேன். மூடியில் துணி இருந்தபடியே இருந்தது. அதற்குப் பிறகு அந்த வண்டி அந்தக் காரணத்துக்காக நின்றதில்லை.

உங்களுக்கு நான் சொல்ல நினைத்தது இவ்வளவுதான். பட்டறைக்கு வந்து நிற்கிற வண்டி வேறு, ஊரில் ஓடுகிற வண்டி வேறு. ஓடுகிற வண்டியைப் போய்ப் பாருங்கள். தொட்டுப் பார்ப்பதற்குமுன் கையைக் கட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் நில்லுங்கள். சொந்தக்காரர் சொல்லாததையும் கேளுங்கள். இதையெல்லாம் அன்றே கற்றுக்கொண்டுவிட்டேன் என்று எனக்கு ஒரு கர்வம் இருந்தது. கொஞ்ச நாள் கழித்து அக்கா பட்டறைப் பக்கம் வந்தார். முகம் தெளிந்திருந்தது. செம்புக் குழாயை எட்டிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"ஒண்ணு சொல்றேன், அவரு கிட்ட சொல்லாத. அன்னைக்கு எங்கம்மா வூட்டுலயே சாயந்திரம் வயிறு முட்ட சாப்ட்டுதான் வண்டி ஏறினேன். எங்கம்மா வுடல."

"என்னக்கா இது! அப்பவே சொல்லியிருக்கலாமே? நான் மலைய சுத்தி..."

"சொல்லியிருந்தா அவரு வண்டிய வூட்டுக்குத் திருப்பியிருப்பாரு. அவரு வயித்துக்காவ அவரு ஒரு பர்லாங்கு ஓட்டுவாரா? எனக்குன்னா ஓட்டுவாரு. அதான் கம்முனு வந்தேன்."

அக்கா புறப்பட்டுப் போனவர், வேப்பமரத்தடியில் நின்று திரும்பிப் பார்த்தார்.

"எதிர்ல ஒருத்தி ரெண்டாந்தபா சோறு திங்க முடியாம முழிக்கிறா, அது தெரியல உனக்கு. இன்னா மெக்கானிக்கு தம்பி நீ?"